யோலெத் உட்கார்ந்த பெஞ்சு

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, நடுவில் ஏன் சத்தம் போடுகிறாய் என்று யாரும் கேட்கக் கூடாது. எழுத எழுதக் கோபம் ஆறிவிடும் என்று நூலகத்தில் எங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த அம்மாள் சொல்வார். அவர் என்ன எழுதினாரோ தெரியாது. எனக்கு ஆறவில்லை.

விஷயம் இவ்வளவுதான். ஆர்லாண்டோவுக்குத் தெற்கே, ஹார்ட்வெல் கேளிக்கைப் பூங்காவில், படகில் ஆட்களை ஏற்றி இறக்கும் வேலை பார்ப்பவள் யோலெத். ஜூலை வெயிலில் மயங்கி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததற்காக அவள் வேலை போகப் போகிறது. செவ்வாய்க்கிழமை விசாரணை. அவள் மயங்கித்தான் உட்கார்ந்தாள் என்று பூங்காவுக்கு வந்த ஒரு விருந்தாளி சொன்னால் வேலை நிலைக்கும். யாரும் சொல்லாவிட்டால் போகும். பார்த்த விருந்தாளிகள் இரண்டு பேர். இரண்டு பேருமே அந்தப் பூங்காவை உயிராக நேசிக்கிறவர்கள்.

முடிச்சை இத்தனை சீக்கிரம் அவிழ்க்கக் கூடாது என்பார்கள். அவிழ்த்துவிட்டேன். ஒளித்து வைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"பனைகளுக்கு மேலே சூரியன் பொன்னிறமாக எழுந்தபோது, பூங்காவின் வாசலில்"

விட்டுவிட்டேன். சூரியனை அழகாக எழுத மனசு வரவில்லை. இந்தக் கதையில் அவனும் குற்றவாளிகளில் ஒருவன்.

அடுத்தது:

"ஹார்ட்வெல் பூங்காக்கள் அனைத்துக்கும் தலைவரான கிரெய்க் டன்மோர், தன் பதினேழாவது வயதில் இதே பூங்காவில் சோளப்பொரி விற்றவர். உழைப்பால் உயர்ந்து"

பாதியில்தான் உறைத்தது: இது கம்பெனி அடித்துக் கொடுக்கும் வண்ணத்தாளில் உள்ள வாக்கியம். வேலைக்குச் சேர்ந்த நாளில் எங்களுக்குப் படித்துக் காட்டினார்கள். அது காதுக்குள் தங்கிவிட்டது. என் கதையை எழுத உட்கார்ந்தால், கை அவர் கதையை எழுதுகிறது. அடித்துவிட்டேன்.

மூன்றாவது:

"நான் கூட்டுகிறவன்."

இது இருக்கட்டும். படகுத்துறைக்கும் எலுமிச்சைப் பானக் கடைக்கும் நடுவில் உள்ள சதுக்கம் என்னுடையது. நீளக் கைப்பிடி வைத்த முறமும் துடைப்பமும். சட்டையில் பெயர்ப் பட்டை: டெல்மர், பலாட்கா. கீழே ஊர்ப்பெயர் போடுவது கம்பெனி வழக்கம்.

3

இப்போது அந்த இரண்டு பேர்.

ட்ரூடி முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். அவள் போட்டிருக்கும் கையில்லாச் சட்டையில் பூங்கா விற்ற சின்னங்கள் எல்லாம் குத்தியிருக்கும். நடந்தால் கலகலவென்று சத்தம் கேட்கும். வென்டெல் காப்பீட்டுக் கம்பெனியில் உடைந்த கார்களைப் பார்த்து மதிப்புப் போட்டவர். இருவரிடமும் வருஷச் சீட்டு உண்டு. சனிக்கிழமை தோறும் கதவு திறந்ததும் வந்து, பானக்கடைக்கு எதிரே உள்ள பெஞ்சில் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். சண்டைக்குப் பொருள் ஒன்றே ஒன்று: கிரெய்க் நல்ல தலைவரா, இல்லையா.

"உன் ஆளு வரிசையத் தாண்டிப் போறதுக்குத் தனிச் சீட்டு போட்டுட்டான் பாத்தியா," என்பாள் ட்ரூடி.

"என் ஆளுன்னு ஏன் சொல்ற. நான் என்ன அவன் மச்சானா?"

"மச்சானா இருந்தாக்கூட இப்படித் தூக்கிப் பிடிக்க மாட்ட."

"நியாயமாப் பேசு ட்ரூடி. இவனுக்கு முன்னாடி இருந்தவன் பூங்காவுக்குள்ள காலே வெச்சதில்ல. ஆபீஸ்ல உக்காந்து கணக்குப் பாத்தான். கிரெய்க் நடக்கிறான். எல்லாருக்கும் கை குடுக்கிறான்."

"எங்க ஊரு மேயரும்தான் கை குடுக்கிறாரு. ரோட்டுல பள்ளம் அப்படியேதான் கெடக்கு."

"பேய் மாளிகைய யாரு பழுது பாத்தது?"

"அங்க இருந்த ரெண்டு பேயக் காணோமே, அத யாரு எடுத்தது?"

"தேஞ்சு போச்சு, எடுத்துட்டாங்க."

"பேய் எப்படி வென்டெல் தேயும்?"

நான் அவர்கள் காலடியில் கூட்டிக்கொண்டிருப்பேன். "கொஞ்சம் காலத் தூக்குங்க" என்றால் இருவரும் சேர்ந்தாற்போல் காலைத் தூக்குவார்கள். பேச்சு மட்டும் நிற்காது.

[ஒரு குறிப்பு. இவர்கள் என்ன, உலகமே அவரைக் கிரெய்க் என்றுதான் சொல்கிறது. ஹார்ட்வெல்லில் யாரும் யாரையும் ஐயா என்று கூப்பிடக் கூடாது; தலைவரிலிருந்து கூட்டுகிறவன் வரை சட்டையில் ஒரே அளவுப் பட்டை, வெறும் பெயர், ஊர். எங்களைத் தொழிலாளிகள் என்றும் சொல்லக் கூடாது, 'வீட்டார்' என்று சொல்ல வேண்டும். வருகிறவர்கள் விருந்தாளிகள். கேட்க இனிப்பாகத்தான் இருக்கும். என்னை நாளைக்கே வெளியே அனுப்பக்கூடிய மனிதரை நான் தோளில் கை போட்டவன் மாதிரிப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஐயா என்று கூப்பிட்டால் குறைந்தபட்சம் அவர் எங்கே நிற்கிறார், நான் எங்கே நிற்கிறேன் என்பதாவது எனக்கு நினைவிருக்கும்.]

4

இந்தப் பகுதியைக் கதைக்கு நடுவே எங்கே வைப்பது என்று தெரியாமல் மூன்று தடவை இடம் மாற்றினேன். கூரையைப் பற்றியது.

படகுத்துறையில், வரிசை முடிந்து படகு தொடங்கும் இடத்தில், நீலக்கோடு போட்ட ஒரு துணிக்கூரை இருந்தது. யோலெத்தும் மற்ற படகு ஆட்களும் அதன் கீழ்தான் நிற்பார்கள். யாரோ ஒரு பழைய மேலாளர் போட்டுவிட்டுப் போனது. எங்களுக்கு அது கூரை. பூங்காவை நேசிக்கிறவர்களுக்கு அது ஓர் அவமானம். ஏனென்றால் 1974-இல் பூங்கா திறந்தபோது அது இல்லை.

பழைய அஞ்சலட்டைகளை வைத்துக்கொண்டு காட்டுவார்கள். இதோ ஆறு, இதோ வெள்ளைப் படகு, இதோ பின்னால் சைப்ரஸ் மரங்கள். நடுவில் நீலத் துணி எங்கே? இல்லை. அப்படியானால் எடுக்க வேண்டும். கையெழுத்து வாங்கினார்கள். முன்னால் நின்று வாங்கியவள் ட்ரூடி. அதைக் கணினியில் ஏற்றி ஊர் ஊராகப் பரப்பியவர் வென்டெல். எல்லாவற்றிலும் முட்டிக்கொள்ளும் இருவரும் ஒன்றாகச் செய்த ஒரே வேலை அது.

கிரெய்க் அதைக் கேட்டார். வரிசைச் சீட்டு வேண்டாம் என்று கெஞ்சியபோது கேட்கவில்லை, பேயை வைக்கச் சொன்னபோது கேட்கவில்லை. கூரையை எடுப்பதை மட்டும் கேட்டார். அதற்குச் செலவே இல்லை. ஏப்ரலில் ஒருநாள் இரண்டு பேர் ஏணி கொண்டுவந்து அவிழ்த்து மடித்து எடுத்துப் போனார்கள். கிரெய்க் வந்தார். படம் எடுத்துக்கொண்டார்கள். ட்ரூடி அழுதாள்.

"நான் ஏழு வயசுல பாத்த மாதிரியே இருக்கு," என்றாள்.

நான் பக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தின் ஓரத்தில் என் துடைப்பம் விழுந்திருக்கிறது.

5

ஜூலை. மழைக்கு முந்திய மதியம். காற்று ஈரத்துணி மாதிரி முகத்தில் ஒட்டும்.

யோலெத் துறையில் நிற்கிறாள். குழந்தையைத் தூக்கிப் படகில் வைக்கிறாள், சக்கர நாற்காலியை மடிக்கிறாள், "தலையப் பாத்துக்குங்க" என்கிறாள். மாற்று ஆள் வரவில்லை. அன்றைக்கு இரண்டு பேர் குறைவு. தண்ணீர்ப் புட்டி துறைக்குப் பின்னால், விருந்தாளிகள் கண்ணில் படாத அலமாரியில். அதை எடுக்க இடத்தை விட்டுப் போக வேண்டும். இடத்தை விட்டுப் போகக் கூடாது.

ஒரு படகு கிளம்பியது. யோலெத் கையசைத்தாள். அசைத்த கை இறங்கும்போது உடம்பும் சேர்ந்து இறங்கியது. முழங்கால் மடிந்து, படிக்கட்டின் கம்பியில் தோள் இடித்து, படியில் சரிந்தாள்.

முதலில் ஓடியவள் ட்ரூடி. அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பொய். பேருந்து ஓட்டிய கை. ஒரே தூக்கில் யோலெத்தைத் தூக்கித் தங்கள் பெஞ்சுக்குக் கொண்டுவந்தாள். வென்டெல் தன் எலுமிச்சைப் பானத்தை அவள் வாயில் வைத்தார். ட்ரூடி தொப்பியால் விசிறினாள்.

"வேணாம், நான் எந்திரிக்கிறேன்," என்றாள் யோலெத். "நான் இங்க உக்காரக் கூடாது."

"சும்மா உக்காரு தாயி. யாரு என்ன சொல்லுவா?"

ஷிஃப்ட் பொறுப்பாளன் சொன்னான். அவன் வந்தபோது அவளுக்கு நினைவு தெளிந்திருந்தது. கையில் பானம். இருபுறமும் விருந்தாளிகள். அவன் எழுதிக்கொடுத்தது: இடத்தை விட்டு விலகினார், விருந்தாளிகள் முன் அமர்ந்தார், அவர்களோடு பேசிக்கொண்டிருந்தார், அவர்களுடைய பானத்தை வாங்கிக் குடித்தார்.

ஒவ்வொன்றும் உண்மை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் பார்த்தேன் என்று போய்ச் சொன்னேன். எழுதிக்கொள்ளவில்லை. வீட்டார் வீட்டாருக்காகச் சொன்னால் அது சிநேகிதம். விருந்தாளி சொன்னால் அது கருத்து. வாசலுக்கு இடப்பக்கம் விருந்தாளிகளுக்கென்று ஒரு ஜன்னல் இருக்கிறது, அங்கே போய் வாயால் சொன்னால் போதும், மேலே வரை போகும். ஐஸ்கிரீம் உருகியிருந்தது என்று சொன்னால்கூட மேலே வரை போகும்.

6

கிரெய்க்கை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஒரு வரைவில் அவருக்குத் தொப்பையும் தங்கக் கடிகாரமும் கொடுத்தேன். அவருக்குத் தொப்பை இல்லை. பிளாஸ்டிக் கடிகாரம்தான் கட்டுகிறார். இன்னொரு வரைவில் அவரை யாரையோ திட்ட வைத்தேன். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. அவரைக் கெட்டவராக எழுத முடிந்தால் இந்தக் கதை நேற்றே முடிந்திருக்கும்.

யோலெத் விழுந்த மறுவாரம் அவர் சதுக்கத்தில் நடந்து வந்தார். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

"டெல்மர்," என்றார், பட்டையைப் பார்த்து. "பலாட்காவா? எங்க மாமா அங்கதான் மீன் பிடிக்கப் போவாரு. எப்படிப் போகுது?"

"கிரெய்க், யோலெத்னு படகுத்துறைல ஒருத்தி. வெயில்ல மயங்கி விழுந்தா. உக்காந்ததுக்கு வேலைய எடுக்கப் போறாங்க. கூரைய எடுத்ததுக்கு அப்புறம் அங்க நிக்க முடியல."

அவர் என் தோளில் கை வைத்தார். கண்ணைப் பார்த்தார். "சொன்னதுக்கு ரொம்ப நன்றி. இப்படி மனசு விட்டுப் பேசுறவங்கதான் இந்தப் பூங்காவே. உங்க பொறுப்பாளர்கிட்ட இதச் சொல்லுங்க. அவருக்குப் பிடிக்கலன்னா என் கதவு எப்பவும் தெறந்திருக்கு."

"அவருதான் எழுதிக்குடுத்தாரு."

"அப்ப அவருக்கு முழு விவரமும் தெரிஞ்சிருக்கும்," என்றார். சிரித்தார். அடுத்த விருந்தாளியின் குழந்தைக்குக் கை கொடுக்கப் போய்விட்டார்.

அவர் கதவு எந்தக் கட்டிடத்தில் இருக்கிறது என்று இங்கே எவனுக்கும் தெரியாது.

7

யோலெத்திடம், உன்னைப் பற்றி எழுதுகிறேன் என்று சொன்னேன். வேலை முடிந்து பேருந்துக்கு நின்றோம். நெடுஞ்சாலையோரத்தில் வாரவாடகை மோட்டலில் அக்காவோடு ஓர் அறையில் இருக்கிறாள். சம்பளம் ஒரு வாரம் தவறினால் பெட்டியை வெளியே வைப்பார்கள்.

"அழுவுற மாதிரி எழுதிடாத டெல்மர். நான் அழல."

"வேற எப்படி எழுதட்டும்?"

"நின்னேன்னு எழுது. பதினாலு வருஷம் நின்னேன். ஒரு தடவ உக்காந்தேன். அத வெச்சு எல்லாரும் பேசுறாங்க, நின்னதப் பத்தி ஒருத்தன் பேசல."

"ட்ரூடிகிட்டப் பேசட்டுமா?"

"அந்தம்மாவா? நல்ல அம்மா. ஆனா அதுக்கு என் பேர் தெரியாதே."

பட்டையில் இருக்கிறது, ஊரோடு. யோலெத், ஜாக்மெல். எத்தனையோ வருஷமாக அந்தக் கை பிடித்து ட்ரூடி படகில் ஏறியிருக்கிறாள்.

8

போன சனிக்கிழமை. பெஞ்சு. நான் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு நேராகக் கேட்டேன்.

"அன்னைக்கு விழுந்தாளே, அவளுக்குச் செவ்வாக்கிழமை விசாரண. நீங்க ரெண்டு பேரும் பாத்தீங்க. ஜன்னலுக்குப் போயி, மயங்கித்தான் விழுந்தான்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

"வேலைய எடுக்கிறாங்களா?" ட்ரூடி எழுந்தே விட்டாள். சின்னங்கள் கலகலத்தன. "பாத்தியா வென்டெல். இதான் உன் கிரெய்க். இதான் அவன் தலைம."

"கிரெய்க்குக்கு இதுல என்ன சம்பந்தம்? ஷிஃப்ட் பாக்கிற ஒரு பொடியன் எழுதினான். இத்தன பூங்காவ வெச்சிருக்கிறவன் ஒவ்வொரு பெஞ்சுக்கும் வந்து நிப்பானா?"

"ஆள் கொறச்சது யாரு? அன்னைக்குத் துறைல ரெண்டு பேர் இல்லயே, அது யாரு வேல?"

"ஆள் கொறச்சது மேலிடம். பங்கு வெச்சிருக்கிறவன் கேட்டா அவன் என்ன பண்ணுவான்?"

"அப்ப அவன் எதுக்குத் தலைவன்? பொம்மையா நிக்கவா?"

"முன்னாடி இருந்தவனா இருந்தா..."

"முன்னாடி இருந்தவன இழுக்காத."

அரை மணி நேரம். நான் நின்றுகொண்டிருந்தேன். யோலெத் விழுந்தது ட்ரூடிக்கு ஒரு புள்ளி, வென்டெலுக்கு எதிர்ப்புள்ளி. இரண்டு பேரும் அவளை மாற்றி மாற்றித் தூக்கி ஒருவர் மேல் ஒருவர் எறிந்தார்கள்.

"ஜன்னல்," என்றேன். "அவ்வளவு தூரம்தான். நடந்தா முடிஞ்சுது."

அப்போதுதான் வென்டெல் மெதுவாகச் சொன்னார். "போறதுல ஒண்ணுமில்ல டெல்மர். போனா என்ன கேப்பாங்க? ஏன் மயங்கினான்னு கேப்பாங்க. வெயில்னு சொல்லணும். வெயில்னு விருந்தாளி வாயால சொன்னா, பாதுகாப்புக் குழு வரும். மறுநாளே அந்த நீலத் துணியத் திரும்பக் கட்டிருவாங்க."

ட்ரூடி உட்கார்ந்தாள்.

"கட்டட்டுமே," என்றேன்.

"உனக்குப் புரியாது," என்றாள் ட்ரூடி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "இங்க எல்லாத்தையும் கெடுத்துட்டாங்க. அந்த ஒரு எடம்தான் பழையபடி இருக்கு. அவன் பண்ணின ஒரே நல்ல காரியம் அதுதான்."

"நானும் அதத்தான் சொல்றேன்," என்றார் வென்டெல்.

கிரெய்க் விஷயத்தில் அவர்கள் ஒத்துப்போனதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"அடுத்த மாசம் ரசிகர் கூட்டத்துல கிரெய்க் வர்றான்," என்றாள் ட்ரூடி, என் முகத்தைப் பார்த்துவிட்டு. "மைக்கப் பிடிச்சு நேருக்கு நேர் கேக்குறேன். தொழிலாளிங்கள இப்படித்தான் நடத்துவியான்னு கேக்குறேன். விட மாட்டேன்."

"விசாரண செவ்வாக்கிழம."

"அது பொதுவான கேள்விதானே. எப்பக் கேட்டா என்ன?"

[இங்கே நான் அவளிடம் என்ன சொன்னேன் என்று எழுதியிருந்தேன். நான்கு வாக்கியம். உண்மையில் ஒன்றும் சொல்லவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டேன். "கொஞ்சம் காலத் தூக்குங்க" என்றேன். தூக்கினார்கள். அந்த நான்கு வாக்கியத்தையும் அடித்துவிட்டேன். சொல்லாததைச் சொன்னதாக எழுதி நான் பெரிய ஆளாக வேண்டாம்.]

9

முடிவுகள் மூன்று எழுதினேன்.

அ. ட்ரூடி ஞாயிற்றுக்கிழமை முழுக்க மனசு கேட்காமல் கிடந்து, திங்கள் காலை ஜன்னலுக்குப் போகிறாள். "நான் பார்த்தேன்" என்கிறாள். — நன்றாகத்தான் வந்தது. படித்துப் பார்த்தேன். அவள் காலை நான் என் பேனாவால் நகர்த்துகிறேன். அந்தக் கால் நகரவில்லை. இன்று திங்கள். காலையிலிருந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கூட்டுகிறேன். அவள் வரவில்லை.

ஆ. விசாரணை அறைக் கதவு திறக்கிறது. கிரெய்க். "இவள் என் வீட்டார்," என்கிறார். — இதை எழுதியதற்கு எனக்கே வெட்கம். விசாரணைக்குத் தலைவர்கள் வருவதில்லை. அப்படி வந்தால் அடுத்த சனிக்கிழமை அந்தப் பெஞ்சில், பார்த்தாயா எப்பேர்ப்பட்ட தலைவன் என்று பேசுவார்கள். யோலெத் மறுபடியும் அவருடைய கதையில் ஒரு வரியாகிவிடுவாள்.

இ. யோலெத் எழுந்து நின்று ஒரு பேச்சுப் பேசுகிறாள், எல்லோரும் தலைகுனிகிறார்கள். — அவள் சம்மதிக்க மாட்டாள். "பேசுறதுக்கு வேற ஆள் இல்லையா, அதையும் நானே பண்ணணுமா" என்பாள்.

நான்காவது ஒன்று இருக்கிறது. அதில் நாளை மாலை யோலெத் பட்டையைக் கழற்றி மேசைமேல் வைக்கிறாள். அதை எழுத எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. பேனாவை எடுத்தாலே தானாக வருகிறது. எழுத மாட்டேன்.

10

ஆகையால் உங்களிடம் வருகிறேன்.

ஐந்தாம் பகுதியைப் படித்தீர்கள். கையசைத்தாள், கை இறங்கியது, முழங்கால் மடிந்தது, கம்பியில் தோள் இடித்தது. பார்த்தீர்கள். இத்தனை நேரம் அந்தச் சதுக்கத்தில் எங்களோடுதான் நின்றீர்கள்.

கதையில் பார்த்தது சாட்சியாகுமா என்று கேட்பீர்கள். இரண்டு பேர் கண்ணால் பார்த்தார்கள். அது ஆகவில்லை. நான் கண்ணால் பார்த்தேன். எனக்குச் சம்பளம் ஹார்ட்வெல் கொடுப்பதால் அதுவும் ஆகவில்லை. உங்களுக்கு அவர்கள் சம்பளம் கொடுக்கவில்லை. நீங்கள் விருந்தாளி. நீலத் துணி வந்தாலும் போனாலும் உங்கள் சின்ன வயதில் எதுவும் கெட்டுவிடாது.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கிரெய்க் நல்லவரா, கெட்டவரா, முன்னாடி இருந்தவரைவிடத் தேவலையா என்று இதைப் படிக்கும்போதே உங்களுக்குள் ஓர் எண்ணம் வந்திருக்கும். எனக்கும் வந்திருக்கிறது. அதை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள். அதை யாரும் கேட்கவில்லை.

வாசலுக்கு இடப்பக்கம். ஜன்னலில் இருக்கும் பெண் உங்களைப் பார்த்ததும் சிரிப்பாள். சிரிக்க வேண்டும் என்பது அவளுக்கு விதி. "வாங்க, உங்களுக்கு நான் என்ன செய்யட்டும்?" என்பாள்.

அதற்கு அடுத்த வாக்கியத்தை நான் எழுதவில்லை. ஜன்னலை அடைக்க இன்னும் நேரம் இருக்கிறது.